கம்பியில்லாப் பெட்டியும் அலுமினியத் தாளும்

2023 அக்டோபர் 25, புதன்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளித்து, முந்தைய நாள் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, இட்லி சாப்பிட்டுவிட்டு, சேரப்பணஞ்சேரி நிறுத்தத்தில் கம்பெனி பஸ் ஏறினேன். லேசான தூறல். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறக்கும் நாள். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.

இயந்திரங்களில் வைத்த சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. ஜிகினாத் தாள்களோடே உற்பத்தி லைன் ஓடத் தொடங்கியது. பூஜைக்கு ஒட்டியதை, அதுவாக உதிரும்வரை எங்கள் ஆலையில் யாரும் கிழிப்பதில்லை.

நான் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். தேநீர் வேளைக்குச் சற்று முன் லைன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். பம்புகளில் காற்றுக் கசிவைச் சோதிக்கும் இயந்திரம், ஒவ்வொரு பம்பின் கசிவு அளவையும் ஒரு சிறு பெட்டி வழியாகக் கம்பியில்லாமல் லைன் கோடியில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். காலையிலிருந்து அங்கே ஒன்றும் பதிவாகவில்லை. அந்த இயந்திரத்தில் நின்றவள் தென்காசிப் பக்கத்துப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி. வடக்குப்பட்டில் தோழிகளோடு வாடகை அறையில் இருந்தாள். மாதக் கடைசியில் அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட வேண்டும்.

சூப்பர்வைசர் முடிவுக்கு வந்துவிட்டிருந்தார்.

"டெஸ்ட் பண்ணாமயே பார்ட்டத் தள்ளிகினு இருந்துகீது சார். மெசின் ஓடியிருந்தா கம்ப்யூட்டர்ல இன்னாவாச்சும் வந்திருக்கும்ல?"

சோதனை சரி என்று பச்சை விளக்கு எரிந்த பிறகே ஒவ்வொரு பம்பையும் எடுத்ததாக அவள் சொன்னாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

முதலில் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டேன். அதில் பெட்டிக்கு ஒதுக்கிய போர்ட் எண் மாறவில்லை. வேகம் முதலான அமைப்புகளும் சரியாகவே இருந்தன. பெட்டியோடு இணைப்பை நீக்கி மறுபடி இணைக்கப் பார்த்தேன். பெட்டி தேடலில் தோன்றி உடனே மறைந்தது. பிறகு இயந்திரத்திலிருந்து நேராக என் மடிக்கணினிக்குக் கம்பி போட்டேன். அடுத்த பம்பின் அளவு திரையில் வந்தது. இயந்திரம் ஒழுங்காக அனுப்புகிறது என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். இப்போது அனுப்புகிறது, காலையில் அனுப்பியதா என்று கேட்டார்.

கம்பியைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியைப் பெட்டியை ஒட்டிப் பிடித்து, கம்பியில்லாமல் இணைத்தேன். அளவு வந்தது. கணினியோடு பின்னால் நகர்ந்தேன். சில அடிகளிலேயே அளவு வருவது நின்றுவிட்டது. அப்போதுதான் பெட்டியை உற்றுப் பார்த்தேன். அடி முதல் நுனி வரை அலுமினியத் தாள் இறுக்கமாகச் சுற்றப்பட்டு, நடுவே குங்குமம் இருந்தது. சுற்றிலும் எல்லாமே மின்னியதால் அது அதுவரை என் கண்ணை உறுத்தவில்லை. தாளைப் பிரித்தேன். அடுத்த பம்பின் அளவு லைன் கோடிக் கம்ப்யூட்டரில் விழுந்தது.

அலைகளை உலோகத் தாள் தடுத்திருக்கிறது, காலையில் சோதனை நடக்காமல் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. அந்தத் தெளிவிலேயே, யாரும் கேட்காமல் சொன்னாள்:

"நாந்தாம் சார் சுத்துனேன். ஜிகினா தீந்துட்டு. எல்லாத்துக்கும் போட்டாச்சி, இது மட்டும் மொட்டையா நின்னுது, பாவமா இருந்துச்சி. சுண்டல் கட்டுன தாள்ல மிச்சம் கெடந்துது."

சூப்பர்வைசர் சிரித்தார். "பெட்டிக்குப் போர்வை போத்தினியா? நல்லா தூங்கிச்சு போ." பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

மேலாளருக்குக் காரணம் எழுதும்போது, பெட்டியைச் சுற்றி உலோகத் தாள் இருந்தது என்று மட்டும் எழுதினேன். ஆனால் சூப்பர்வைசர் எனக்கு முன்பே அவர் அறைக்குப் போய்விட்டு வந்திருந்தார். எல்லா இயந்திரங்களையும் அலங்கரிக்கச் சொன்னது நாம்தானே என்று மேலாளரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. காலைப் பம்புகள் முழுவதையும் மறுபடி சோதிக்க வேண்டியிருக்கிறது, வாடிக்கையாளருக்கு ஏதாவது நடவடிக்கை காட்ட வேண்டும் என்றார். ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒப்பந்தக்காரரின் ஆள் வந்து அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவள் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். அவள் ஏறிய பஸ் வேறு, பேச வாய்க்கவில்லை.

மறுநாள் காலை ஆலைக்குப் போனதும், முதல் வேலையாக, லைன் கோடிக் கம்ப்யூட்டரில், அந்த இயந்திரத்தில் நிற்பவர்களின் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்கினேன்.