கடசிவண்டி என்றொரு நத்தை

என் மனைவி தனியாக உட்கார்ந்து சிரிப்பாள். கல்யாணமான புதிதில் எனக்கு அது கவலையாகத்தான் இருந்தது. மடிக்கணினியில் ஒரு தவளைப் படம், அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பு. கேட்டால், "சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வராது" என்பாள். சொன்ன பிறகும் வரவில்லை என்பது உண்மைதான்.

அவள் மதுரைக்காரி, ஜப்பானிய மொழி படித்தவள். பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் வாழைத்தோப்பைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, ஒரு ஜப்பானிய வீடியோ கேமைத் தமிழாக்கிக்கொண்டிருந்தாள். விசித்திரமான குட்டி ஜந்துக்களைப் பிடித்து, தீனி போட்டு வளர்த்து, சண்டைக்கு விடுகிற விளையாட்டு. அதில் ஒவ்வொரு ஜந்துவின் பெயருக்குள்ளும் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறதாம். ஜப்பானியத்தில் தவளையும் கயெரு, வீடு திரும்புவதும் கயெரு. அதனால் அந்தத் தவளையை எங்கே துரத்திவிட்டாலும் திரும்பி வந்து வாசலில் நிற்கும். சிலந்தியும் குமோ, மேகமும் குமோ. அதனால் ஒரு சிலந்தி வலை பின்னாமல் மேகத்தில் ஏறிச் சுற்றுகிறது. இதையெல்லாம் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. அங்குள்ள பிள்ளைகளுக்குப் பெயரைக் கேட்டதுமே சிரிப்பு வந்துவிடும். நம்மிடம் வந்து சேரும்போது தவளை வெறும் தவளை.

"உருவம் மட்டும் வந்துருது. சிரிப்பு ஏர்போர்ட்லயே நின்னுருது" என்று அலுத்துக்கொள்வாள். கேட்டதும் சிரிப்பு வருகிற தமிழ்ப் பெயர்களைத் தேடித்தேடி அவளுக்குத் தலைவலிதான் மிச்சம்.

பெயர் வைப்பதற்கு எங்கள் ஊரை விட்டால் வேறு இடமா? இங்கே வட்டப்பெயர் இல்லாத வீடு கிடையாது. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஊர் வாயில் இன்னொன்று. அப்பனுக்கு வைத்தது மகனுக்கும் பேரனுக்கும் தன்னால் வந்து சேரும். அதற்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பெயருக்கு உரியவன் காதில் விழக் கூடாது. அவன் தலை தெரிந்தால் பேச்சு மழைக்கு மாறிவிடும்.

எங்கள் வீட்டுக்கும் ஒன்று உண்டு, கடசிவண்டி. அப்பா மாப்பிள்ளைக் கோலத்தில் கிளம்பி, நெய்யாற்றின்கரைப் பக்கம் அம்மாவின் வீட்டை நெருங்கும்போதுதான் தாலியை மறந்து வைத்துவிட்டது தெரிந்திருக்கிறது. எடுத்துவர வண்டியைத் திருப்பினார். விருந்தாளிகளின் வண்டிகளெல்லாம் வந்து சேர்ந்து, முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் மாப்பிள்ளை வண்டி வந்தது. கூட்டத்தில் எவனோ வாயைத் திறந்தான், அதோடு முடிந்தது கதை.

பள்ளிக்கூடத்தில் நான் 'கடசிவண்டிக்க மவன்'. அதற்காக ஒருவன் சட்டையைக் கிழித்திருக்கிறேன், என் சட்டையும் சேர்ந்துதான் கிழிந்தது. அப்பா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அவர் டீக்கடைக்குள் நுழைந்ததும் அங்கே சிரிப்பு நின்றுபோகும். அந்த அமைதியில் உட்கார்ந்து டீயைக் குடித்துவிட்டு வருவார். கொஞ்ச காலத்தில் டீக்கடைக்குப் போவதையே விட்டுவிட்டார். அந்த டீக்கடையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. வந்த மருமகளுக்கும் அது தெரியாது.

ஒருநாள் பால் சொசைட்டிக்கு அவள் தாமதமாகப் பால் கொண்டுபோயிருக்கிறாள். "கடசிவண்டி வந்தாச்சு" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். மதுரைக்காரிதானே, இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. தாமதமாக வருகிறவர்களை இந்த ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்போல என்று இவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப்போனது.

அன்று மாலை அப்பா டிவியில் மலையாளச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா மேசையில் மரச்சீனிக் கிழங்கைத் தொலித்துக்கொண்டிருந்தாள். இவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதைப் பாருங்க."

திரையில் ஒரு நத்தை. ஓட்டில் வரிசையாக ரயில் ஜன்னல்கள், கொம்பு நுனிகளில் ஹெட்லைட். நத்தையை ஜப்பானியப் பிள்ளைகள் டென்டென்முஷி என்பார்களாம். மின்சார ரயில் டென்ஷா. இரண்டையும் கோத்து டென்டென்ஷா என்று வைத்திருந்தார்கள். மற்ற எல்லா ஜந்துக்களும் வந்து நின்ற பிறகுதான் அது ஊர்ந்து வரும். ஆனால் அது வராமல் ஆட்டம் தொடங்காது.

"தமிழ்ல இதுக்கு என்ன பேரு வச்சிருக்கேன் தெரியுமா? உங்க ஊரு வார்த்தைதான் மாமா. கடசிவண்டி!"

முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள். அம்மாவின் கையில் கத்தி நின்றது. அப்பா ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

நான் அவளை அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனேன். விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எவ சொன்னா? பேரச் சொல்லு. இப்பமே போய்க் கேக்குதேன்" என்று கத்தினேன். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதுங்க. நாளைக்குத்தான் அனுப்பணும், இப்பவே மாத்திடறேன்" என்று அழத் தொடங்கினாள். இத்தனை வருஷம் பொத்திப் பொத்தி வைத்ததை வீட்டுக்குள்ளேயே போட்டு உடைத்தாயிற்று, இனி அப்பா இவள் முகத்தில் எப்படி விழிப்பார் என்பதுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அடுக்களை வாசலில் அப்பா வந்து நின்றார்.

"எலே, நீ எதுக்கு அவளப் போட்டு வெரட்டுத?" என்றார் என்னிடம். பிறகு அவளைப் பார்த்து, "மக்கா, அந்த நத்தையப் பாத்தா அங்க உள்ள பிள்ளைக வெறுப்பினுமா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா. அது கிடைக்காதான்னு தேடித் தேடி அலைவாங்க. கிடைச்சா விடவே மாட்டாங்க."

"பின்ன மாத்தண்டாம். அது அப்பிடியே கிடக்கட்டு."

"மன்னிச்சிருங்க மாமா. தெரியாம சொல்லிட்டேன்."

"தெரியாதது நல்லதாப் போச்சு. தெரிஞ்சவன் எல்லாம் என்னக் கண்டா வாய மூடிக்கிடுவான். எனக்க மூஞ்சிய நேராப் பாத்து, சிரிச்சோண்டு, அந்தப் பேரச் சொன்னது நீ ஒருத்தியாக்கும். இன்னொருக்க சொல்லு மக்கா, கேக்கட்டு."

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா கையிலிருந்த மரச்சீனியோடு எழுந்து வந்தாள். "அவ எதுக்குச் சொல்லணும்? பந்தல்ல இருந்து வாசலையே பாத்தோண்டு இருந்தவ நானாக்கும். எல்லாருக்க வண்டியும் வந்தாச்சு, இவருக்க வண்டிய மட்டும் காணல்ல. இனி வரமாட்டாருண்ணு எங்க அம்ம அழ ஆரம்பிச்சாச்சு. அப்பமாக்கும் வந்தது, எனக்க கடசிவண்டி."

அம்மாவின் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவும் அப்போதுதான் கேட்கிறார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.