சிட்டிபாபுவின் லாரிக்கு வந்த செல்ஃப் மோட்டார்

புத்தூரில் நகரிக்குப் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு லாரிகளுக்கு மின்சார வேலை செய்கிறவர் அப்பாவு. வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். லாரிக்கு அடியில் படுத்திருந்தாலும் பேச்சு மட்டும் வெளியே வந்துகொண்டே இருக்கும். டிரைவர்கள் அதற்காகவே அவரிடம் வருவார்கள். போன வருஷம் மாங்காய் சீசன் வரைக்கும் அப்படித்தான் இருந்தார்.

அந்த ஜூன் மாதத்தில் ஒரு காலை, விஜயபுரத்துச் சிட்டிபாபு லாரியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து கொட்டகைக்குக் கொண்டுவந்தான். இருபது வயதான லாரி. அவனே முதலாளி, அவனே டிரைவர்.

"செல்ஃபு எடுக்கலணா. டிக்குன்னு ஒரு சத்தம், அவ்ளோதான்."

அப்பாவு அடியில் புகுந்து பார்த்தார். இன்ஜினைச் சுழற்றி உயிர் கொடுக்கிற அந்த செல்ஃப் மோட்டார் உள்ளுக்குள் தேய்ந்து போயிருந்தது. சாவி போட்டால் அதற்குப் போகவேண்டிய கரண்டும் சரியாகப் போகவில்லை.

"இத ரிப்பேர் பண்ணா நிக்காது பாபு. வேற மோட்டாருதான் மாட்டணும். திருப்பதில சொல்லி வெக்கிறேன். மூணு நாளு ஆவும்."

"மூணு நாளா? தோப்புல காய அறுத்துக் கொட்டி வெச்சிக்கினு கீறாங்க. இன்னிக்கி சித்தூர் ஃபேக்டரில எறக்கணும். பழுத்துட்டா எவன் வாங்குவான்?"

அவன் முகத்தைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. மஞ்சள் பிடி போட்ட தன் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, மோட்டாரின் தலையில் இருந்த பெரிய போல்ட்டையும் பக்கத்துச் சின்ன போல்ட்டையும் சேர்த்து வைத்தார். பொறி தெறித்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"மோட்டாரு வர்ற வரைக்கும் இப்படி ஓட்டிக்க" என்று ஸ்க்ரூடிரைவரையும் அவன் கையில் கொடுத்தார். சிட்டிபாபு சிரித்துக்கொண்டே போனான்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தோப்பில் இரண்டாவது லோடு ஏற்றி முடித்தார்கள். மேட்டுச் சரிவில் லாரி நின்றது. ஹேண்ட் பிரேக் சரியில்லாததால் முதல் கியரில் போட்டு நிறுத்தியிருந்தான். அது மறந்துபோய், கீழே குனிந்து ஸ்க்ரூடிரைவரை வைத்தான். பழைய டீசல் இன்ஜின். கியரில் இருந்தபடியே உயிர் வந்ததும் லாரி முன்னால் பாய்ந்தது. பின்சக்கரம் அவன் மேல் ஏறி இறங்கியது. காய் பறிக்க வந்தவர்கள் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

விசாரிக்க வந்த எஸ்.ஐ. மண்ணில் கிடந்ததை எடுத்துக் காட்டி, "ஈ ஸ்க்ரூடிரைவர் எவரிதி?" என்று தெலுங்கில் கேட்டார். அவனுடையதுதான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பேச்சு அதோடு நின்றது. செய்தி கேட்டு ஓடிவந்திருந்த அப்பாவு கூட்டத்தின் பின்னால் நின்றார். அது தன்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை.

சாவுக்கு அடுத்த நாள் திருப்பதி பஸ்ஸில் மோட்டார் பார்சல் வந்தது. பெட்டியைப் பிரிக்காமல் கொட்டகை மூலையில் தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு அவரைத் தின்றது ஒரே ஒரு கேள்விதான். அந்த வழியை எத்தனையோ டிரைவர்களுக்குக் காட்டியிருக்கிறார். ஒவ்வொருவரிடமும் "நியூட்ரல்ல கீதா பாத்துட்டு வை" என்று சொல்வது வழக்கம். அன்று சிட்டிபாபுவிடம் சொன்னாரா? சொன்னது போலவும் இருந்தது. சொல்லாதது போலவும் இருந்தது. அவன் நின்ற இடம், அவனுடைய நீலச் சட்டை, பொறி தெறித்தது எல்லாம் நினைவிருந்தது. அந்த ஒரு வாக்கியம் மட்டும் பிடிபடவில்லை. கையில் வேலை இருக்கும்போதே நின்றுவிடுவார். டிரைவர்கள் இரண்டு முறை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது.

"அண்ணா, நான் தாட்சாயணி பேசறேன், சிட்டிபாபு வூட்ல. போலீசுல லாரிய உட்டுட்டாங்க. டிராக்டர் கட்டி இஸ்துக்கினு வந்து வூட்டாண்ட நிறுத்திக்கீது. ஞாயித்துக்கெழம லாரிய வாங்கறதுக்கு ஆளு வராங்க. ஸ்டார்ட் ஆவலன்னா வேணாம்னுடுவாங்க. அவரு சொல்லி வெச்ச மோட்டாரு வந்துட்சா?"

"வந்துட்சிம்மா" என்றார்.

பெட்டியை பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு மறுநாளே போனார். வீட்டை ஒட்டி லாரி நின்றது. பின்னால் காய்ந்த மா இலைகள் கிடந்தன. தாட்சாயணி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் காவ்யா லீவுக்கு வந்திருந்தாள். அவள் உள்ளேயே இருந்தாள்.

அப்பாவு முதலில் எல்லாச் சக்கரத்துக்கும் கல் வைத்தார். மேலே ஏறி கியர் கம்பியை ஆட்டிப் பார்த்தார். இறங்கினவர் மறுபடி ஏறி இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தார். துரு ஏறிய போல்ட் மூன்று. மேலே இருந்தது கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவித்தான் ஸ்பேனர் போடவேண்டும். பழைய மோட்டாரை மார்பின் மேல் இறக்கி வெளியே உருட்டினார். அந்த இரண்டு போல்ட்டுகளின் தலையிலும் பொறி பட்ட கறுப்புத் தழும்பு இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படியே கிடந்தார்.

தாட்சாயணி லாரிக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்திருந்தாள். அவருக்கு அவள் பாதம் மட்டும் தெரிந்தது.

"தாட்சாயணி. ஸ்க்ரூடிரைவர் வெச்சி ஸ்டார்ட் பண்ற வேலைய நான்தான்மா அவனுக்குக் காட்டினேன். ஸ்க்ரூடிரைவரும் என்னுதுதான்."

பாதம் அசையவில்லை.

"தெரியும்ணா. அன்னிக்கி சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும் சொன்னாரு. அப்பாவு அண்ணன் ஒரு வழி காட்டிச்சி, இல்லன்னா லோடு போயிருக்கும்னு சொல்லிச் சொல்லி சிரிச்சாரு."

"நியூட்ரல் பாத்துக்கன்னு நான் சொன்னேன்னு அவன் சொன்னானா?"

ரோட்டில் ஒரு பஸ் போய்ச் சத்தம் அடங்கியது.

"எனக்கு ஞாபகம் இல்லண்ணா. சொன்னாருன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். ஆனா தெரியாததச் சொல்ல எனக்கு வாய் வரல."

"வாணாம்மா" என்றார் அப்பாவு. அவர் கண்ணில் வழிந்தது காதுக்குள் இறங்கியது. கை இரண்டிலும் கிரீஸ், துடைக்க முடியவில்லை.

கொஞ்சம் பொறுத்து அவளே, "மோட்டாரு மாட்டுங்கணா" என்றாள்.

புது மோட்டாரின் பல்லைப் பழையதோடு வைத்து எண்ணினார். சரியாக இருந்தது. அது உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தார். இருபது கிலோ இரும்பை வயிற்றின் மேல் வைத்துத் தூக்கி, ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறுகையால் மேல் போல்ட்டைத் தேடிக் கோத்தார். முடுக்கினார். வயரைக் கட்டினார். பிறகு பழைய ரப்பர் டியூப்பைக் கத்தரித்து, இனி யாரும் எதையும் வைக்க முடியாதபடி அந்த போல்ட் தலைகளை இறுக்கி மூடினார். யாரும் கேட்காமலே ஹேண்ட் பிரேக்கையும் சரிசெய்தார்.

மேலே ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்தது. கறுப்புப் புகை கக்கிவிட்டுப் பழைய குரலில் ஓடத் தொடங்கியது.

உள்ளேயிருந்து காவ்யா ஓடிவந்தாள். செருப்புகூட இல்லை. வாசலைத் தாண்டி நாலு எட்டு வந்த பிறகுதான் வண்டியில் இருக்கிறவரைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அந்தச் சத்தம் கேட்டால் நைனா வந்துவிட்டார் என்று பதினாறு வருஷம் ஓடிவந்த கால் அது. தாட்சாயணி எழுந்துபோய் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துங்கணா" என்றாள்.

அப்பாவு நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டிலிருந்து வந்தவர்கள் லாரியை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்பாவு அங்கே வந்திருந்து, புது டிரைவருக்குப் பிரேக்கையும் கியரையும் திரும்பத் திரும்பக் காட்டினார். அவனுக்கு அலுப்புத் தட்டியது. "எல்லாம் தெரியும் பெரியவரே" என்றான். அவர் விடவில்லை.

இப்போது அவர் யாருக்கும் அந்த வழியைக் காட்டுவதில்லை. அவசரம் என்று கெஞ்சுகிறவர்களிடம், "வேற கடைக்குப் போ" என்கிறார். போகிறார்கள். கொட்டகையில் கூட்டம் குறைந்துவிட்டது.

இந்த வருஷம் முதல் தெவசத்துக்குத் தாட்சாயணி சொல்லி அனுப்பினாள். அப்பாவு போனார். படையல் முடியும்வரை வெளியே வேலி ஓரமாக நின்றார். அவள் வந்து கூப்பிட்டாள்.

"உள்ள வாங்கணா. துன்னுட்டுப் போங்க."

இலையின் முன் உட்கார்ந்தார். காவ்யா சோறு போட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இலையில் சோறு தீர்ந்ததும் கேட்காமலே மறுபடி போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். அவர் ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டார்.