டாக்டர் கீழே வைத்த தாள்

டீ கிளாஸின் வட்டக் கறை படிந்த ஒரு தாள் என் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைப் பிழைக்கவிட்டு வந்தவள் நான். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இந்தத் தாள் மட்டும் மனப்பாடம்.

கள்ளக்குறிச்சியில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களை வரிசையில் உட்காரவைக்கும் வேலை எனக்கு. அவர் தூக்கம் கெட்டவர்களைச் சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, இந்தத் தாளை மெதுவாக வாசித்தே அரைமயக்கத்துக்குக் கொண்டுபோவார். ஹிப்னாடிசம் என்பார்கள். எல்லோருக்கும் ஒரே தாள். என் வாய் சும்மா இருக்குமா?

“இன்னா டாக்டரே, கல்யாணத்துல ஐயரே மந்திரத்தப் பாக்காம சொல்றாரு. உங்களுக்குப் பேப்பர் வேணுமா?”

“நீங்களே வந்து சொல்லுங்களேன் ஆயா” என்று சிரிப்பார்.

ஒருநாள் அருவிக்குப் பேர்போன மலையூர் கரியாலூரிலிருந்து ஒருத்தி வந்தாள். டீ கொடுத்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். “எம் புள்ள அருவில வுழுந்து பூட்டாம்மா. தண்ணி சத்தம் கேட்டாலே ஒடம்பு நடுங்குது. தூக்கமே இல்ல. டாக்டர்கிட்ட இத சொல்ல வாய் வரல.”

நான் சொல்லத்தான் உள்ளே போனேன். அழுகை முட்டும்போது எனக்குக் கிண்டல்தான் வரும். “இன்னிக்காவது அந்தப் பேப்பர கீழ வைங்க டாக்டரே. பாவம், அதுக்கே தூக்கம் வருது.”

சிரித்தபடி அவர் நிஜமாகவே கீழே வைத்துவிட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமலே அவளை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். நடுவில் தட்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

வெளியே நின்றபோது டாக்டரின் குரல் கேட்டது. “கரியாலூரா? அப்ப கண்ண மூடிக்கிட்டு உங்க அருவிகிட்டயே போங்க. சில்லுன்னு சாரல் படுது…” அவள் ஊர் என்ற பிரியத்தில் அவராகச் சேர்த்த வார்த்தைகள். என் கை கதவு வரை போனது. தட்டவில்லை.

அவள் அலறினாள். தலைவிரிகோலமாக ஓடினாள். செருப்பு இங்கேயே கிடந்தது. அப்புறம் வரவேயில்லை.

“நல்லதுன்னுதான் ஆயா நெனச்சேன்” என்றார் டாக்டர். எனக்குத் தெரிந்திருந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மறுநாளிலிருந்து தாளைக் கீழே வைக்கவேயில்லை. நானும் கேலி பேசவில்லை. கிளினிக்கை மூடியபோது இதை மட்டும் கேட்டு வாங்கிவந்தேன்.

இப்போது எனக்கும் தூக்கம் வருவதில்லை. மனப்பாடம் என்றாலும் தாளை எடுத்து எழுத்துக் கூட்டுகிறேன். முதல் வரி ஒரு கேள்வி: ‘உங்களுக்கு நிம்மதியான இடம் எது? நீங்களே சொல்லுங்கள்.’ அவளிடம் அன்றைக்கு யாரும் இதைக் கேட்கவில்லை.

நான் கண்ணை மூடி, பதில் தேடிப் பார்க்கிறேன். தட்டாமல் விட்ட அந்தக் கதவுதான் வருகிறது.