சத்துள்ள நத்தைகள்

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் அவருக்கு 'நத்தை' என்று பெயர். வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வேலையே அதுதான்: படகில் போய், அலையாத்திக் காட்டுச் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, பேட்டரி ஆலையின் கழிவுக் குழாயடியில் நத்தை பொறுக்குவது. பரிசோதனைக் கூடத்தில் அதன் சதையை அரைத்து ஈயம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். தண்ணீரைச் சோதித்தால் அன்றைய தண்ணீரின் யோக்கியதைதான் தெரியும். ஆய்வு நாளில் குழாயை மூடிவைக்கும் நாகரிகம் ஆலைக்காரர்களுக்கு உண்டு. நத்தை இருந்த இடத்தை விட்டு நகராது. தின்ற விஷத்தையெல்லாம் உடம்பிலேயே சேர்த்து வைக்கும். யார் அழைத்தாலும் விருந்துக்குப் போகாது. இப்படிப்பட்ட ஊழியர்கள் அந்தத் துறையில் வேறு யாரும் இல்லை.

அரைப்பதற்கு முன் நத்தைகளைச் சுத்தமான உப்புத் தண்ணீரில் ஒரு நாள் விட்டு, வயிற்றுச் சேற்றைக் கழிக்க வைக்க வேண்டும். கூடத்துத் தொட்டியில் ஓட்டை. புதுத் தொட்டி வரும்வரை நத்தைகள் அவர் வீட்டுப் பின்கட்டுத் தொட்டியில் தங்கின.

பெண் பார்க்கப் போன இடத்தில் "விஷம் பொறுக்குகிறேன்" என்றா சொல்ல முடியும்? "ஆராய்ச்சியில் இருக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

மனைவி முழுகாமல் இருந்தாள். ஒத்தாசைக்கு மாமியார் வந்தார். வந்த மாதமே நத்தைகளில் ஈயம் குறைந்தது. அடுத்த மாதம் இன்னும் குறைந்தது. காடு தேறிவிட்டதாக அதிகாரி அறிக்கை எழுதினார். அதிகாரிக்குக் கேடயம் கிடைத்தது. ஆலைக்கு இரண்டாவது குழாய் போட அனுமதி கிடைத்தது.

வீட்டில்தான் ஒருத்தி தேறவில்லை. "ஏங்க, வாயெல்லாம் ஆணியைச் சப்புன மாதிரி இருக்கு. விரல் வேற மரத்துப் போகுது."

"மாசமா இருந்தா அப்படித்தான்டி. உன்னைச் சுமந்தப்ப எனக்கு மண்ணெண்ணெய் வாசம் புடிச்சுது. அதுக்காக ஊரைக் கூட்டுனேனா?" என்றார் மாமியார்.

பிறகு மாமியார் ஒரு வாரம் மூத்த மகள் வீட்டுக்குப் போனார். அந்த வாரத்து நத்தைகளை அரைத்தபோது கருவியில் எகிறி நின்ற எண்ணைப் பார்த்து, அதிகாரி முதலில் கருவியைத் தட்டினார். அப்புறம் இவரைக் கூப்பிட்டார்.

"எங்கேயிருந்துய்யா பொறுக்குன?"

"எப்பவும் பொறுக்குற இடம்தான் சார்."

அன்று மாலை ஊரிலிருந்து திரும்பிய மாமியார், பையைக்கூட இறக்காமல் தொட்டியை எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, நான் இல்லேன்னதும் மொத்தத்தையும் ஆபீசுக்கு அள்ளிட்டீங்களா? அவளுக்குன்னு நாலு எடுத்து வைக்கக் கூடாதா?"

"என்னத்த அத்தை?"

"நத்தையைத்தான். வாராவாரம் கொழுத்ததாப் பாத்து ஆக்கிப் போடுறேனே. முறைக்காதீங்க, நான் ஒண்ணும் திருடி இல்ல. எடுத்ததுக்குச் சரியா, சந்தையில தூரத்துக் கடலோர நத்தை வாங்கி வந்து போட்டுடுவேன்."

"அந்தச் சந்தை நத்தையையே அவளுக்குக் குடுத்திருக்கலாமே..."

"நல்லாயிருக்கே! ஆபீசே படகு வச்சுப் பொறுக்குதுன்னா அதுல எவ்வளவு சத்து இருக்கணும்!"

உள்ளே மனைவியின் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. அந்த வாரத்தில் அது முதல் தடவை அல்ல.

மறுநாள் காலை அவர் வாளியில்லாமல் கூடத்துக்கு வந்தார். ஊரில் ஈயம் பார்க்கும் கருவி அது ஒன்றுதான். பின்னால் மனைவி, சுவரைப் பிடித்துக்கொண்டு.

"நத்தை எங்கய்யா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். "இவளைப் பாருங்க சார். நாலு மாசமா அந்தக் குழாயடி நத்தை மொத்தமும் இவ வயித்துலதான் இருக்கு. ரத்தம் எடுங்க."

அதிகாரி அவள் வயிற்றைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த கேடயத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு, மிகவும் அன்பாகக் கேட்டார்:

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"