மோப்பம் போன கையால் பொரித்த மீன்

போன ஐப்பசியில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது என் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூ, சாம்பிராணி, அடிப்பிடித்த பால், எதுவும் எட்டவில்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. 'இவ மூக்குக்கு ராஜபாளையம் நாயே தோத்துரும்' என்று சொந்தமெல்லாம் கேலி பேசிய மூக்கு இது. வெளியே சொன்னால் மானம் போகாதா?

அது மட்டுமில்லை. என் மகள் ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள், வேலை கிருஷ்ணன்கோவிலில். சித்திரை வந்தபோது அவளுக்கு வயிற்றில் ஐந்து மாதம். பிள்ளை பிறந்து லீவு முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக ஏற்பாடு. அந்த நினைப்பில்தான் என் நாள் ஓடிக்கொண்டிருந்தது. மோப்பம் இல்லாதவளை நம்பி யார் பச்சைப்பிள்ளையை விடுவார்கள்?

சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நாலு மாதமாகக் குடித்த தண்ணீர்கூடத் தங்காதவள், பொரித்த மீன் வேண்டும் என்று போனிலேயே கேட்டிருந்தாள். அவள் அப்பா முந்தின நாள் காலையிலேயே விளமீன் வாங்கி, துண்டு போட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, கூமாப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். வைத்த கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வந்தது. சித்திரை வெயிலில் ஒரு பகல் முழுக்க!

முழு மீனாக இருந்தால் கண்ணைப் பார்ப்பேன், செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். துண்டில் என்ன இருக்கிறது? வெறும் வெள்ளைச் சதை. விரலால் அழுத்தினேன். நிமிர்ந்தது போலவும் இருந்தது, நிமிராதது போலவும் இருந்தது. தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் கெட்டுப்போச்சு என்று சொல்லி, அவள் மோந்து பார்த்து இல்லை என்றால் என் குட்டு உடைந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு மூன்று முறை கழுவினேன். மசாலா தடவிக் கல்லில் போட்டேன். எண்ணெய் அடுப்பெல்லாம் தெறித்தது.

பக்கத்து வீட்டில் மீனைத் தொட மாட்டார்கள். நான் மீன் போட்டாலே அந்த அம்மா ஜன்னலைச் சாத்துவாள். அன்றும் சாத்த வந்தாள்.

"நாத்தம் ரொம்ப அடிக்கா?" என்றேன்.

"மீனுன்னா நாத்தந்தான். இதுல நல்ல நாத்தம் எது, கெட்ட நாத்தம் எதுன்னு எனக்கு என்ன தெரியும்?" என்று சாத்திவிட்டாள்.

அட கடவுளே, இவளிடம் போய்க் கேட்டேன் பார்! ஒரு துண்டை நானே வாயில் போட்டேன். உப்பும் உறைப்பும் மட்டும் தெரிந்தது. வயிறு ஏதாவது சொல்லுமா என்று காத்திருந்தேன்.

"எம்புட்டு நேரம்மா? பசி உயிர் போகுது."

"செத்த நேரம் பொறு ஏட்டி!" என்று கத்தினேன். பாவம், அவள் என்ன செய்தாள்?

அதற்கு மேல் சாக்குச் சொல்ல முடியவில்லை. நாலு துண்டைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவள் வயிறுதான் என் கண்ணில் பட்டது. பாய்ந்து கையைத் தட்டிவிட்டேன். துண்டு தரையில் விழுந்தது.

"கிறுக்கு பிடிச்சிருச்சா உனக்கு?"

"தின்னாத. கெட்டுப்போயிருக்கும். எனக்கு... எனக்கு மணமே தெரியலடி. ஆறு மாசமாச்சு."

கீழே கிடந்ததை எடுத்து மோந்து பார்த்தாள். "நல்லாத்தானம்மா இருக்கு" என்றாள். பிறகுதான் நான் சொன்னது அவளுக்கு உறைத்தது போல. அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப கேஸ் கசிஞ்சா?"

அவளே எழுந்து போய் சிலிண்டரை மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"பிள்ளைய உங்கிட்டதானம்மா விடணும்னு இருந்தேன்" என்றாள். இருந்தேன் என்றாள்.

திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன். அவள் திட்டவில்லை. தட்டில் மீதியிருந்த மூன்று துண்டையும், என் எதிரிலேயே, ஒவ்வொன்றாக மூக்குக்குக் கொண்டுபோய்ப் பார்த்துப் பார்த்துத் தின்றாள்.