அம்மாவுக்குக் கொடுத்த திருநீறு

சாகக் கிடந்த என் தாய்க்கு அடுப்புச் சாம்பலைக் கொடுத்து, அதைக் கோயில் திருநீறு என்று சொன்னேன். யாரும் என்னைத் தூண்டவில்லை. நானேதான் சொன்னேன்.

இதைப் படிக்கும் நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. போதகரிடமும் கணவரிடமும் மறைத்ததை உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரியாதவரிடம்தான் இதற்கு வாய் திறக்கிறது...

மரக்காணத்து உப்பளத்தில் கூலி வேலை எனக்கு. கல்யாணத்துக்குப் பின் ஞானஸ்நானம் பெற்றேன். கணவர் வீட்டாருக்காக அல்ல, நம்பித்தான் பெற்றேன். தேவன் ஒருவரே, மனிதன் கையால் செய்தது தெய்வமாகாது. அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடுதான் இருந்தாள், உப்பளத்துக்கும் என்னோடுதான் வேலைக்கு வந்தாள். அவள் தன் சாமியை விடவில்லை. என்னையும் விடவில்லை!

ஆண்டுதோறும் முதல் உப்பு எடுக்கும் நாளில், பாத்தி வரப்பில் மஞ்சளால் பிள்ளையார் பிடித்து வைத்துப் பொங்கல் படைப்பார்கள். படைத்ததை நான் உண்ணமாட்டேன். மற்றவர்கள் முகம் சுளிப்பார்கள். அம்மாவோ படைப்பதற்கு முன்பே முதல் கரண்டியை என் டிபன் பாக்ஸில் போட்டு மூடிவிடுவாள்.

"இது படைக்காததுடி. உன் சாமி ஒண்ணும் சொல்லாது, துண்ணு" என்பாள்.

சாமிக்கும் முந்தி எனக்கு! அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

"அது நீ புடிச்ச மஞ்சள்மா. அதுக்கு எப்படிக் காது கேக்கும்?" என்று ஒருமுறை எல்லோர் முன்னும் கேட்டேன். வாய்த்துடுக்கு! "கேக்குதோ கேக்கலையோ, நான் சொல்லிட்டு வர்றேன். நீ சாப்பிடு" என்றாள் அம்மா.

பிறகு அவள் வயிற்றில் கட்டி வந்தது. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். படுக்கையில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"இரும்பை ஊரு சிவன் கோயில்ல கொஞ்சம் துண்ணூறு வாங்கியாடி. நீ கும்பிட வேணாம். வாங்கியாந்தா போதும்."

என்னால் முடியாதம்மா, வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சரி என்றிருப்பாள். பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா ஒரு வார்த்தைக்கு ஓடியிருப்பாள். ஏன் சொல்லவில்லை? என் வீட்டுக்குள் கோயில் பொருள் வரக்கூடாது என்ற வீம்பு! அம்மா மனம் நோகக்கூடாது என்ற பாசமும்தான்... இரண்டும் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கின.

காலையில் வெந்நீர் அடுப்பின் சாம்பலைச் சலித்து, காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ் ஏறி, இரும்பைக்குப் பிரியும் பொம்மையார்பாளையத்தில் இறங்கினேன். "இரும்பையாம்மா?" என்று ஆட்டோக்காரர் இரண்டுமுறை கேட்டார். இல்லையென்று தலையாட்டிவிட்டு, நிழற்குடையில் மதியம்வரை உட்கார்ந்திருந்து வீடு திரும்பினேன்.

"கோயில்ல கும்பலாடி?"

"இல்லம்மா. ப்ரீயாத்தான் இருந்துச்சு."

வாய் கூசவில்லை எனக்கு! அம்மா ஒரு சிட்டிகை எடுத்தாள். மூக்கருகே சற்று நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். பிறகு நெற்றியில் இட்டுக்கொண்டு, "நல்லா இருடி, என் தாயி" என்றாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

மாதங்கள் கழித்து, உப்பு வாரும்போது செல்வி அக்கா மெல்லச் சொன்னாள்.

"கோச்சுக்காதடி. அது நம்ம அடுப்புச் சாம்பல்னு உங்கம்மா அன்னிக்கே சொல்லிடுச்சு. காலமெல்லாம் அள்ளிக் கொட்டுனவளுக்குத் தெரியாதா? நான் போய் வாங்கியாறேன்னேன். வேணாம்னுடுச்சு. 'அவ சாமிக்குப் பயந்துக்கிட்டு செஞ்சிருக்கா. எம்பொண்ணு கையால குடுத்தா, அது போதும். அவகிட்ட கேட்டுடாத'ன்னுச்சு."

உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தேன். "இப்ப ஏன்க்கா சொன்ன?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்?

சிலையை வணங்காதே என்ற அதே கட்டளைகளில்தான் தாயை மதி என்பதும் பொய் சொல்லாதே என்பதும் இருக்கின்றன. ஒன்றைக் காக்க இரண்டை உடைத்தேன். மனிதன் கையால் செய்தது தெய்வமாகாது என்றேனே... அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தெய்வத்தின் பொருளாக்கியது யார் கை? என் கைதானே!

தேவன் மன்னிப்பார். அந்த நம்பிக்கை எனக்கு உண்டு. அம்மாவோ நான் கேட்பதற்கு முன்பே மன்னித்துவிட்டுப் போய்விட்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நீங்களாவது என்னைத் திட்டுங்களேன்!

இந்த ஆண்டும் முதல் உப்பு நாள் வந்தது. பழக்கத்தில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனேன். மஞ்சள் பிள்ளையார் பிடித்தார்கள், பொங்கல் பொங்கியது, படைத்தார்கள். படைப்பதற்கு முன் யாரும் எனக்கென்று எடுத்து வைக்கவில்லை. காலி டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தேன்.