நெடி வராத மிளகாய்

நான்கைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. உச்சிப்புளியைத் தாண்டி ராமேஸ்வரம் போகும் சாலையை ஒட்டியே எங்கள் வீடு. முன்வாசலில் நின்றால் யாத்திரை வேன்கள் போவதும் வருவதும் தெரியும். கொல்லைப்புறம் வெறும் மணல். அந்த மணலிலும் என் மாமியார் பாத்தி கட்டி, சாம்பலும் சாணமும் போட்டு மிளகாய்ச் செடி வளர்த்திருந்தார். பாதி எங்கள் பக்கத்துக் குண்டு மிளகாய், மீதி விரல் நுனி அளவே இருக்கும் ஊசி மிளகாய். அந்த ஊசி மிளகாய் ஒன்றைக் கடித்தால் மதியச் சாப்பாடு முடியும்வரை வேறு ருசி தெரியாது.

என் கணவர் அப்போதுதான் சவூதிக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் பக்கத்து வீட்டு ஃபோனில் கூப்பிடுவார். ஒருமுறை பேசும்போது, "இங்கன சாப்பாடு எல்லாம் சப்புன்னு இருக்குடி. சிவப்பா ஒரு சாஸ் வைக்கிறாய்ங்க, பார்த்தா மிரட்டுது, நாக்குல வச்சா இனிக்குது. நம்ம கொல்லையில காய்க்கிறதைப் பறிச்சு ஒரு சாஸ் அரைச்சுக் குடுத்து விடேன். கண்ணுல தண்ணி வரணும்" என்றார். விடுமுறையில் வந்திருந்த அவருடைய நண்பர் சனிக்கிழமை மாலை ரயிலில் கிளம்புவதாக இருந்தது. அவரிடம் கொடுத்தனுப்பலாம் என்று முடிவாயிற்று.

எனக்குச் சாஸ் செய்யத் தெரியாது. ஒரு வாரப் பத்திரிகையில் தக்காளி சாஸுக்கு வந்த குறிப்பைப் பார்த்து, தக்காளி இருக்கும் இடத்தில் எல்லாம் மிளகாயை வைத்துக்கொண்டேன். வினிகர் எவ்வளவு ஊற்றுவது, வழியில் கெட்டுப்போகுமா, பாட்டில் உடைந்து அந்த நண்பரின் துணியெல்லாம் நாசமாகுமா என்று இரண்டு நாள் யோசனை. கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் அது. நன்றாக வர வேண்டுமே என்ற பயம் வேறு.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தோம். பழுத்த ஊசி மிளகாயை நான் ஒவ்வொன்றாகக் கீறி விதையெடுத்தேன். அத்தை காய்ந்த குண்டு மிளகாயையும் பூண்டையும் இரும்புச் சட்டியில் வறுத்தார். என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வறுக்க ஆரம்பித்ததும் வீடே இருமியது. நான் தும்ம, அத்தை தும்ம, தூணில் கட்டியிருந்த ஆடு தும்ம, ஒரே சிரிப்பு.

"ஏத்தா, உன் புருசனுக்குச் சாஸ் அனுப்புறியா, சண்டைக்கு ஆளனுப்புறியா?" என்றார் அத்தை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"அவுக கேட்டதுதான் அத்தை. கண்ணுல தண்ணி வரணுமாம்."

"வரும் வரும். வாய் வழியா மட்டுமில்லை, எல்லா வழியாவும் வரும்."

மிக்ஸியில் அரைத்து, வினிகரும் உப்பும் சேர்த்து அடுப்பில் கொதிக்கவிட்டு, சாஸ் திரண்டு வரும்போது தும்மல் எல்லாம் நின்றுபோயிருந்தது. பழகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பது மாதக் குழந்தையான என் மகளை அதுவரை பக்கத்து வீட்டில் விட்டிருந்தேன். அவளைக் குளிப்பாட்டும் நேரம் வந்துவிட்டது. குழந்தை விஷயத்தில் நான் எதையும் ஒன்றுக்கு இரண்டுமுறை செய்பவள். சோப்புப் போட்டுக் கை கழுவினேன். புளி வைத்துத் தேய்த்து மறுபடியும் கழுவினேன். மோந்து பார்த்தேன். மிளகாய் வாசனை இல்லை. சோப்பு வாசனைகூட இல்லை. உள்ளங்கை மட்டும் லேசாகக் கதகதவென்று இருந்தது, அடுப்பருகே நின்றதால் என்று விட்டுவிட்டேன். குழந்தையைத் தூக்கி வந்து வெந்நீரில் குளிப்பாட்டி, துவட்டி, கன்னத்திலும் கழுத்திலும் பவுடர் போட்டேன்.

பவுடர் டப்பாவை மூடுவதற்குள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

பசிக்கு ஒரு மாதிரி, தூக்கத்துக்கு ஒரு மாதிரி என்று அவள் அழுகையெல்லாம் எனக்குத் தெரியும். இது அப்படி எதுவுமில்லை. மூச்சு பின்னுக்கு இழுத்துக்கொண்டு, முகம் சிவந்து, உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதாள். கன்னங்களில் திட்டுத் திட்டாகச் சிவப்பு. பால் கொடுத்தால் வாய் வைக்கவில்லை. கண்ணீரைத் துடைத்தேன், கூடுதலாக அலறினாள். கன்னத்தை வருடினேன், தலையை உதறினாள். மறுபடி தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

பூச்சி கடித்ததா, அக்கியா, வெந்நீர் சூடு அதிகமா, தடுப்பூசி போட்டதன் விளைவா என்று மனசு எங்கெங்கோ ஓடியது. "ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் அத்தை, ஆட்டோ பிடிங்க" என்றேன்.

"இரு தாயி, பதறாத. காலையில இருந்து புள்ளை பக்கத்து வீட்டுல நாலு பேரு கையில இருந்துச்சு. எவ கண்ணு பட்டுச்சோ. சுத்திப் போட்டுட்டுக் கெளம்புவோம்" என்றார் அத்தை.

வறுக்காமல் மிச்சம் வைத்திருந்த குண்டு மிளகாயில் மூன்றை எடுத்து, கல் உப்பும் தெருமண்ணும் சேர்த்து, குழந்தையை மூன்றுமுறை சுற்றினார். எரிந்துகொண்டிருந்த விறகடுப்பில் போட்டார். மிளகாய் சடசடவென்று வெடித்துக் கருகியது. எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத வீடு இல்லை. கருகும்போது நெடி ஏறினால் கண்ணேறு இல்லை. நெடியே வராவிட்டால் கண்பட்டது உறுதி.

நாங்கள் இருவரும் அடுப்புக்கு நேராக நின்றோம். புகை முகத்தில் அடித்தது. ஒரு இருமல்கூட வரவில்லை.

"பார்த்தியா! பொட்டு நெடி இல்லை" என்றார் அத்தை. "பெரிய கண்ணா பட்டிருக்கு. இப்பச் சரியாயிரும் பாரு."

நான் வேதியியல் பட்டம் படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை என்று தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த நிமிடம் என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது நிஜம். யாரோ ஒருத்தி கண் வைத்தாள் என்றால் தவறு என்னுடையதில்லை. அந்த நிம்மதியில் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்து, முகத்தை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தேன். அவள் அழுகை நிற்கவில்லை. தொண்டை கட்டிக் கீச்சுக் குரலாகிவிட்டது.

அப்போதுதான் வாசலில் ஒரு பெண் குரல். "அம்மா, நீள்ளு காவாலம்மா." ஆந்திராவிலிருந்து ராமேஸ்வரம் வந்த வேன் ஒன்று டயர் பஞ்சராகி எங்கள் வீட்டருகே நின்றிருந்தது. அதில் வந்தவள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் பிளாஸ்டிக் கேன். தண்ணீர் கேட்கிறாள் என்று கேனைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அத்தை உள்ளே வரச் சொன்னார்.

நிலைப்படியைத் தாண்டி ஒரு எட்டுதான் வைத்திருப்பாள். தும்ம ஆரம்பித்தாள். தும்மல் என்றால் சாதாரணத் தும்மல் இல்லை. கேன் கீழே விழுந்து உருண்டது. இடுப்புக் குழந்தையும் தும்மியது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டியது. திரும்பி வாசலுக்கு ஓடி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு, "ஏண்டம்மா இதி! மிரபகாயா?" என்று கத்தினாள். வேனிலிருந்தவர்கள் சிரிப்பது கேட்டது.

நானும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வீடு முழுக்க நெடி இருந்திருக்கிறது. அடுப்பில் கருகிய மூன்று மிளகாயின் நெடியும் அதில் இருந்திருக்கிறது. காலையிலிருந்து தும்மித் தும்மி எங்கள் மூக்குதான் செத்துப்போயிருந்தது. அப்படியானால் கையை மோந்து பார்த்தேனே, அந்த மோப்பத்துக்கு என்ன அர்த்தம்?

என் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மெல்லிய சிவப்பு.

அந்த ஆந்திராப் பெண்ணும் பார்த்துவிட்டாள். இதற்குள் தன் குழந்தையை வேனுக்குள் யாரிடமோ கொடுத்துவிட்டு வாசலில் நின்றிருந்தாள். என் மகளின் கன்னத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். என் விரலருகே குனிந்து மோந்தவள் ஒரு தும்மல் போட்டாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டினாள். குழந்தையைக் கொடு என்று அர்த்தம்.

நான் கொடுக்கவில்லை. முன்பின் தெரியாதவள், மொழி தெரியாதவள், போகிற வழியில் நிற்பவள். குழந்தையைக் கொண்டுபோய்விட்டால்? அந்த நிலையிலும் எனக்கு அப்படித்தான் யோசனை போயிற்று. அவள் என்னைத் திட்டவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. "நேனு கூட அம்மனே" என்றாள் மெதுவாக. தானும் ஒரு அம்மாதான் என்று சொன்னது எனக்குப் புரிந்தது.

கொடுத்தேன்.

"நெய்யி, நெய்யி" என்றாள். அத்தை நெய்ச் சட்டியோடு ஓடி வந்தார். வெளியில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து, குழந்தையின் கன்னம், கழுத்து, காது மடல் எல்லாம் நெய் தடவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தாள். மறுபடி தடவினாள், மறுபடி ஒற்றினாள். உதட்டில் தயிர் வைத்தாள். அத்தை ஊற்ற ஊற்ற, தன் சுத்தமான கையால் கண்களை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டாள். எண்ணெயில்தான் அந்தக் காரம் கரையும், தண்ணீரில் கரையாது என்பது நான் படிக்காத பாடம் இல்லை. பதற்றத்தில் ஒரு எழுத்தும் நினைவுக்கு வரவில்லை.

அதைவிடக் கஷ்டம், சும்மா நின்றதுதான். என் மகள் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு அழுதாள். ஏன் அம்மா தூக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்திருக்காது. நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருமுறை தாங்காமல் முன்னால் போனேன். அந்தப் பெண் கண்ணாலேயே என்னை நிறுத்தினாள்.

வேன்காரர் ஸ்டெப்னியை மாட்டி முடிக்கும்போது அழுகை விசும்பலாகி, விசும்பல் விக்கலாகி, குழந்தை அவள் தோளிலேயே தூங்கிவிட்டது. அவள் புடவையெல்லாம் நெய்க்கறை. அத்தை தன் பெட்டியிலிருந்து ஒரு புடவை எடுத்து வந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. கொதித்து ஆறியிருந்த சாஸ் சட்டியைக் காட்டி என்ன என்று கேட்டாள். ஒரு கரண்டி நுனியில் கொடுத்தேன். நக்கிப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, "பாகுந்தி" என்றாள். நன்றாக இருக்கிறதாம். ஒரு பாட்டில் நிரப்பிக் கொடுத்ததை மட்டும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

"நம்ம ஊரு மிளகாய்க்கு ஆந்திராக்காரி சர்டிபிகேட் குடுத்துட்டா, போ" என்று அத்தை சொல்ல, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. பெயர் கேட்க வேண்டும் என்று தோன்றியபோது வேன் புறப்பட்டுவிட்டது.

சாஸ் பாட்டிலைக் கணவரின் நண்பர் வந்து வாங்கிப் போனார். சாயங்காலம் ராமநாதபுரத்தில் டாக்டரிடம் காட்டினோம். தோல்தான் சிவந்திருக்கிறது, கண்ணுக்கு ஒன்றுமில்லை என்றார். ஆஸ்பத்திரி வராண்டாவில் நெய் தேய்த்துக் கழுவிய கைகள் இன்னும் மணக்க மகளை மடியில் வாங்கியபோது, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எப்போதும்போலச் சிரித்தாள்.

இப்போது எனக்கு இரண்டாவது குழந்தையும் இருக்கிறது. பயம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆனால் குழந்தை அழுதால் ஓடிப்போய் அள்ளுவதற்கு முன் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். வேப்பமர நிழலில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அந்தக் கொஞ்ச நேரம்தான் என் மகளுக்கு நான் அன்று செய்ய முடிந்த உதவி என்பதும், அதைச் செய்ய எனக்குத் தைரியம் கொடுத்தவளின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதும் அந்த ஒரு கணத்தில் தவறாமல் நினைவுக்கு வருகின்றன.